சந்தேகப்படக் கற்றுக்கொடுத்த வருஷம்

அந்தப் பயிற்சிக்குப் போக வேண்டியவள் நானல்ல. போக வேண்டிய சப்-இன்ஸ்பெக்டரின் தங்கைக்கு அந்த மாதம்தான் கல்யாணம் வைத்திருந்தார்கள். அவருக்கு அடுத்தவருக்கு முதுகுவலி. மூன்றாவதாக இன்ஸ்பெக்டரின் கண்ணில் பட்டவள் நான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கெங்கோ குண்டு வெடித்த செய்திகள் பேப்பரில் வந்துகொண்டிருந்தன. சுரங்கமும் அனல்மின் நிலையமும் இருக்கிற ஊர் என்பதால் நெய்வேலிப் போலீஸ்காரர்களுக்குத் தீவிரவாதத்தைத் தடுக்கும் பயிற்சி கட்டாயம் என்று மேலிடத்து உத்தரவு. ஸ்டேஷனுக்கு ஒருவர் சென்னைக்குப் போய் மூன்று வாரம் படித்துவிட்டு வந்து, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. ஏட்டாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். அப்பா அங்கே தையல்காரர். என் கணவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டுபவர், பெர்மனென்ட். அவருக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில் நாங்களும் ஏழாவது படிக்கும் மகளும் இருந்தோம். அவருக்கு ஷிப்ட், எனக்கு டூட்டி. ஒரே வீட்டில் இருந்தாலும் வாரத்தில் இரண்டு நாள் முகம் பார்த்துப் பேசினால் அதிகம். சென்னைக்குப் போக வேண்டும் என்றதும் அவர் சொன்னது இதுதான்:

"போய்ட்டு வா. அங்கயாவது மூணு வாரம் நல்லாத் தூங்குவ."

தூங்கவில்லை. காலை ஐந்தரைக்கு மைதானம், பிறகு மாலை வரை வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தரையைப் பார்த்தே நடப்பார், ஆனால் எங்களைக் கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்வார். எதையெல்லாம் சந்தேகிக்க வேண்டும், கூட்டத்தை எப்படி விலக்க வேண்டும், கேட்பாரற்றுக் கிடக்கிற பையைத் தொடாமல் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு நோட்டு நிறைய எழுதிக்கொண்டேன். கடைசி நாளில் சுவரில் மாட்டுகிற படம் ஒன்றைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். கடிகாரம், பேட்டரி, ஒயர். மூன்றும் சேர்ந்திருந்தால் ஆபத்து என்று சிவப்பில் எழுதியிருந்தது.

*

வகுப்பு நடத்த இடம் கொடுத்தார்கள். ஆள் குடியிராத பழைய குவார்ட்டர்ஸ் ஒன்று. சுவரெல்லாம் கரித்தூள். ஒரு மின்விசிறி ஓடும், ஒன்று ஓடாது. செவ்வாயும் வெள்ளியும் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை. இருபத்திரண்டு பேர் வருவார்கள். காலையில் ஆறு மணிக்கு டூட்டி ஏறியவர்கள் பாதி, முந்தின இரவு ரோந்து போனவர்கள் மீதி. சாப்பிட்ட சோறு இறங்குகிற நேரம். நான் பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் முன்வரிசையில் ஒரு தலை சாயும். பிறகு ஒவ்வொன்றாகச் சாயும். நான் யாரையும் எழுப்பியதில்லை. அந்தத் தூக்கம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஓடாத விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவர்கள்கூடத் தூங்கினார்கள் என்பதைச் சொன்னால் போதும்.

தூங்காதவர் ஒரே ஒருவர். குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில் முந்திரிக்காடு வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை. போலீஸில் சேர்ந்து நான்கு வருஷம். நான் கரும்பலகையில் எழுதுவதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொள்வார். சந்தேகம் கேட்பதும் அவர் மட்டும்தான். ஒருநாள் கேட்டார்:

"ஏட்டம்மா, சந்தேகப்படணும் சந்தேகப்படணும்ங்கறீங்க. எவ்ளோ சந்தேகப்படறது? அதுக்கு அளவு எதாச்சும் இருக்குதா?"

நோட்டைப் புரட்டினேன். அதில் இல்லை. "அது அனுபவத்துல வரும் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

இரண்டு மாதம் ஆனதும் ஒத்திகை வைக்க வேண்டும் என்பது விதி. இன்ஸ்பெக்டரிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஒரு ரெக்சின் பைக்குள் எங்கள் வீட்டு அலாரம் கடிகாரத்தை வைத்து, பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். நான் புடவை கட்டிக்கொண்டு எதிரில், கடலூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்தேன். அன்றைக்கு அங்கே நான்கு பேருக்கு டூட்டி. ஒருவர் பின் ஒருவராக அந்தப் பெஞ்சைக் கடந்து போனார்கள். ஒருவர் அதில் உட்கார்ந்து டீ குடித்தார். அவர் பூட்ஸ் பையில் இடித்தது. அதைக் காலாலேயே உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பையைப் பார்த்தது பஸ் ஸ்டாண்டைப் பெருக்குகிற கான்ட்ராக்ட் அம்மா.

"இது யார்து? ஐயா, இது ஒங்கள்தா? ஏம்மா, ஒன்னுதா?" என்று சுற்றியிருந்த எல்லோரையும் கேட்டார். என்னையும் கேட்டார். இல்லை என்றேன். உடனே பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகப் போலீஸ் பூத்துக்குப் போய் மேசைமேல் வைத்தார். நான் பின்னாலேயே ஓடினேன். பூத்தில் இருந்தவர் பைக்குள் டிக்டிக் சத்தம் கேட்பதைக் கவனிக்காமல் ரிஜிஸ்டரைத் திறந்து, "காணாமப் போனதா, கண்டெடுத்ததா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அணிவகுப்பில் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் நிற்க வைத்துத் திட்டினார். "ரெண்டு மாசம் கிளாஸ்ல உக்காந்து என்னாத்தய்யா கிழிச்சீங்க? கூட்டற பொம்பளைக்கு இருக்கற கண்ணு ஒங்களுக்கு இல்ல. இந்த மாசம் முடியறதுக்குள்ள சந்தேக கேஸ் ஒண்ணாவது புடிச்சிகினு வந்து நிக்கணும்."

திட்டு வாங்கியவர்களில் முந்திரிக்காட்டுப் பிள்ளையும் ஒருவர். பூட்ஸால் பையைத் தள்ளியது அவரில்லை. ஆனாலும் முகம் சுண்டிப்போயிற்று.

*

அடுத்த புதன்கிழமை ஒரு பெண் கைதியைக் கடலூர் கோர்ட்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். வாய்தா கிடைத்து, அவளைத் திரும்ப ஒப்படைத்து, பஸ் பிடித்து வந்து இறங்கும்போது மாலை ஐந்து. பூட்ஸைக் கழற்றிப் போடத்தான் ஸ்டேஷனுக்குள் போனேன். ரைட்டர் மேசைக்குப் பின்னால் தரையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, நரைத்த தாடி. ஒரு காது மட்டும் சிவந்து தடித்திருந்தது.

முந்திரிக்காட்டுப் பிள்ளை என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார். இரண்டு மாதத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"ஏட்டம்மா, நீங்க சொன்ன மூணும் இருந்துச்சு. கடியாரம், பேட்டரி, ஒயரு. மூணும் ஒரே பொட்டியில. மார்க்கெட் சுவத்தோரம் மரத்தடியில உக்காந்துகினு இருந்தாரு. ஊருக்குப் புதுசு."

"அவரு என்ன வேலை செய்யறாரு?"

"வாட்ச் ரிப்பேருன்னு சொல்றாரு."

"மரத்தடியில மேஜை போட்டு, மேல வாட்சு படம் ஒட்டியிருப்பாரே, பாக்கலியா?"

"பாத்தேன். மொதல்ல வுட்டுட்டுப் போலாம்னுதான் இருந்தேன். பேரு கேட்டேன். பேரச் சொன்னாரு. அப்புறம்தான் பொட்டியத் தொறன்னேன்."

சென்னையிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்த படம் வகுப்பறைச் சுவரில் தொங்குவது நினைவுக்கு வந்தது. என் வகுப்பில் பாடம் படித்த ஒரே மாணவர் இவர்தான். படித்ததைத்தான் செய்திருக்கிறார்.

தரையில் இருந்தவர் தலையைத் தூக்கி என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க மேல்பட்டாம்பாக்கம் டெய்லர் பொண்ணுதான? ஒங்கப்பா கடை கடியாரத்த நான்தாம்மா பாக்கறது."

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவின் தையல் மெஷினுக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தை வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிக்கொண்டு போகிறவர். அப்போது தாடி கறுப்பு. எங்கள் ஊரில் இப்போது யாரும் சாவி கொடுக்கிற கடிகாரம் வைத்துக்கொள்வதில்லை, நெய்வேலியில் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் கையில் வாட்ச் இல்லாமல் இருக்க மாட்டார்கள், கரித்தூள் புகுந்து சீக்கிரம் நின்றுபோகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறதாம். வடலூரில் மருமகன் வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து போகிறார்.

"யாரு இவர அடிச்சது?" என்று கேட்டேன்.

ரைட்டர் எழுதிக்கொண்டே இருந்தார்.

இன்ஸ்பெக்டர் கூட்டத்துக்காகக் கடலூர் போயிருந்தார். போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். "உனக்குத் தெரிஞ்ச ஆளுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு அனுப்பிடும்மா. பெருசாக்க வேணாம்" என்றார். எழுதினேன். தெரிந்த ஆள் என்று எழுதும்போது, தெரியாத ஆளாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற கேள்வி வந்தது. அதற்குப் பதில் யோசிக்கிற தெம்பு அன்றைக்கு இல்லை.

"பாய், நீங்க போலாம்" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. ரைட்டரின் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் கவரைக் காட்டினார். அவருடைய மரப்பெட்டியில் சின்னச் சின்ன டப்பாக்களில் தனித்தனியாக வைத்திருந்த பல்சக்கரங்கள், ஸ்பிரிங்குகள், முட்கள், கண்ணுக்கே தெரியாத திருகாணிகள் எல்லாவற்றையும் ஒரே கவரில் கொட்டி, சாட்சிப் பொருள் என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

"பதினோரு பேரு வாட்சும்மா இது. கழட்டி வச்சிருந்தேன். இப்படியே எடுத்துகினு போனா, நாளைக்கு வந்து கேக்கறவங்களுக்கு என்னா சொல்றது?"

*

மறுநாள் எனக்கு ஓய்வு நாள். மகளுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வகுப்பறைக்குப் போனேன். இருப்பதிலேயே பெரிய மேசை அங்கேதான் இருந்தது. முதலில் சுவரில் இருந்த படத்தைக் கழற்றினேன். கழற்றி என்ன செய்வது என்று தெரியவில்லை. சர்க்கார் சொத்து. சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டேன்.

நான் சொல்லியிருந்தபடி ஒன்பது மணிக்கு வாட்ச் ரிப்பேர்க்காரர் வந்தார். முந்திரிக்காட்டுப் பிள்ளையையும் வரச் சொல்லியிருந்தேன். வேட்டியை மேசையில் விரித்து, கவரை மெதுவாகக் கவிழ்த்தோம். எதிரெதிராக மூன்று பேரும் உட்கார்ந்தோம். விசிறியைப் போட முடியாது, பறந்துவிடும். பெரியவர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு சாமானாகச் சொல்லச் சொல்ல, நாங்கள் இடுக்கியால் எடுத்து அவருடைய டப்பா மூடிகளில் போட்டோம். பெண்கள் வாட்சுடையது ஒரு பக்கம், ஆண்களுடையது ஒரு பக்கம். அதிலும் பழையது, புதியது. மூச்சு பலமாக விட்டால்கூட உருண்டுவிடும். ஒரு மணி நேரத்தில் எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

பதினொரு மணி வாக்கில் அந்தப் பிள்ளை குனிந்த தலை நிமிராமல் சொன்னார்:

"பெரியவரே, அடிச்சது நானில்லீங்க."

"யாரு அடிச்சதுன்னு நான் கேக்கலயே தம்பி. கூட்டிகினு வந்தது நீ."

பிள்ளையின் இடுக்கியிலிருந்து ஒரு ஸ்பிரிங் நழுவித் தரையில் விழுந்தது. அரை மணி நேரம் மண்டிபோட்டுத் தேடினார். கிடைக்கவில்லை. பெரியவர், "வுடு, எங்கிட்ட வேற இருக்குது" என்றார். இருந்ததா என்று தெரியாது.

மதியம் நான் கொண்டுபோன புளிச்சோற்றை மூவரும் சாப்பிட்டோம். பெரியவர் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார். மெல்லும்போது காதுப்பக்கம் வலித்திருக்க வேண்டும். பிள்ளை கைகழுவப் போனபோது நான் சொன்னேன், "மன்னிச்சிடுங்க. இதச் சொல்லிக்குடுத்தது நான்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டே, "ஒங்கப்பாகிட்ட சொல்ல மாட்டேம்மா. கேட்டா சங்கடப்படுவாரு" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாலை ஆறு மணிக்கு ஒன்பது வாட்சுகளுக்கு உரிய பாகங்கள் சேர்ந்தன. இரண்டு தேறவில்லை. அந்த இரண்டுக்கும் உரியவர்களிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பெட்டியைத் துணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். கொண்டுபோய் விடுகிறேன் என்று பிள்ளை சைக்கிளை எடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

மார்க்கெட் சுவரோரம் அவர் மேலும் ஒரு மாதம்தான் உட்கார்ந்திருந்தார். போலீஸ் பிடித்துப் போன ஆள் என்று பேச்சு பரவிவிட்டது. எதற்குப் பிடித்தார்கள் என்பதும் ஆளுக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டது. விட்டுவிட்டார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. வாட்ச் கொடுக்க வருகிறவர்கள் குறைந்தார்கள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கைக்கடிகாரத்தைக் கொடுக்கலாம் என்று நினைப்பேன். யூனிபார்மோடு நான் அங்கே நின்றால் அவருக்கு இன்னும் கெடுதல் என்று போய்விடுவேன். ஒருநாள் அவருடைய மேசை அங்கே இல்லை. வடலூரில் மருமகனைத் தேடிப்போய் விசாரித்தேன். புதுச்சேரியில் ஏதோ கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். வாசலிலேயே நின்று பேசி அனுப்பிவிட்டார்.

*

வகுப்பை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் மாற்றினேன். பொருளைப் பார்த்துச் சந்தேகப்படாதீர்கள், பேரைக் கேட்டுச் சந்தேகப்படாதீர்கள், முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் விசாரியுங்கள் என்று ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாண்டைப் பெருக்குகிற அம்மாவை ஒரு வெள்ளிக்கிழமை வரவழைத்துப் பேசச் சொன்னேன். முதலில் வெட்கப்பட்டார். பிறகு வெளுத்து வாங்கிவிட்டார்.

"நீங்க எல்லாரும் ஆளத்தான் பாக்கறீங்க. நான் தரையப் பாக்கறேன். எந்தப் பை எந்த பஸ்ஸுக்குப் போவுதுன்னு எனக்குத் தெரியும். தெரியாத பை இருந்தா கேப்பேன். கேக்கறதுல என்னா ஒங்களுக்குக் கேவலம்?"

அன்றைக்கு யாரும் தூங்கவில்லை. அடுத்த வகுப்பில் மறுபடி தூங்கினார்கள்.

வடலூர் தைப்பூசத்துக்கு எங்கள் எல்லோருக்கும் பந்தோபஸ்து. பகல் ஒரு மணி ஜோதி தரிசனத்துக்குக் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நின்று என் கால் மரத்துப்போயிருந்தது. பெண் போலீஸ் ஒதுங்க ஓர் இடம் கிடையாது என்பதால் தண்ணீரும் குடிக்கவில்லை. வயர்லெஸ்ஸில் முந்திரிக்காட்டுப் பிள்ளையின் குரல் வந்தது. அன்னதானப் பந்தலுக்குப் பின்னால் கேட்பாரற்ற சாக்குப்பை.

நான் போய்ச் சேர்வதற்குள் சத்தம் போடாமல், பந்தல் கயிறு அவிழ்கிறது என்று சொல்லி, அந்த இடத்தைக் காலி செய்திருந்தார். பையைத் தொடவில்லை. பக்கத்தில் கடை போட்டிருந்தவர்களிடம் ஒவ்வொருவராக விசாரித்தார். பச்சைப் புடவை கட்டின ஒரு அம்மா வைத்துவிட்டுப் போனதாகப் பொரிக்கடைக்காரர் சொன்னார். மைக்கில் பச்சைப் புடவை என்று மட்டும் சொல்லிக் கூப்பிட்டதில் பதினான்கு பேர் வந்தார்கள். பன்னிரண்டாவதாக வந்தவருடையது. கூட்டத்தில் தொலைந்த புருஷனைத் தேடப் போயிருக்கிறார். பையில் மாற்றுப் புடவையும் நான்கு கிலோ பச்சரிசியும் இருந்தன. பிள்ளை பையைத் தூக்கி அந்த அம்மாவின் கையில் கொடுத்து, "ஒங்க வூட்டுக்காரரும் மைக் கிட்டதான் வருவாரு, இங்கயே இருங்க" என்று நிழலில் உட்கார வைத்தார். அவர் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் இல்லை. சட்டை முழுக்க வியர்வை.

அவ்வளவுதான். அன்றைக்கு வேறொன்றும் நடக்கவில்லை. நான் அங்கே இருந்த ஆறு வருஷமும் எதுவும் நடக்கவில்லை. வருஷ முடிவில் ஒரு படிவம் வரும். பயிற்சியால் தடுக்கப்பட்ட சம்பவங்கள் என்று ஒரு கட்டம் அதில் இருக்கும். நடக்காததை எப்படி எண்ணுவது? முதல் வருஷம் "தெரியவில்லை" என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் அதை அடித்துவிட்டு "இல்லை" என்று எழுதி அனுப்பினார். பயிற்சியால் நடந்த சம்பவங்கள் என்று கட்டம் எதுவும் இல்லை.

பிறகு எனக்குப் பண்ருட்டிக்கு மாற்றல் வந்தது. வகுப்பை எடுத்துக்கொள்ள விருத்தாசலத்திலிருந்து வந்த ஏட்டு ஒருவரை நியமித்தார்கள். கடைசி நாள் மதியம் வகுப்பறையைத் திறந்துவிட்டு இரண்டு நோட்டுகளையும் அவரிடம் ஒப்படைத்தேன். வாட்ச் ரிப்பேர்க்காரரின் கதையை அவருக்கு முழுதாகச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். மரத்தடியில் தொடங்கினேன். வெள்ளை வேட்டி வரைக்கும் வருவதற்குள் அவருடைய தலை மெல்லச் சாய்ந்தது. முந்தின இரவு ரோந்து போயிருக்கிறார். பூட்ஸ் லேசைக்கூட அவிழ்க்கவில்லை.

விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, அவர் விழிக்கும் வரை எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.